பெட்டி எங்கே? காபோன் காட்டின் எலும்புப் பேழைகளும் அவற்றின் காவலர்களும்

கேள்வி இது: "பாரிஸ் அருங்காட்சியகம் ஒன்றில் ஆப்பிரிக்காவின் ஃபாங் மக்களுடைய கருப்பு மரச்சிலையைப் பார்த்தேன். 'மூதாதையர் உருவம்' என்று எழுதியிருந்தது. உடம்பெல்லாம் எண்ணெய் கசிந்து ஈரமாக மின்னியது. அது இறந்தவரின் உருவமா, தெய்வமா? பக்கத்திலேயே பித்தளைத் தகடு போர்த்திய தட்டை முகம் ஒன்றும் இருந்தது. அதுவும் இதே வழிபாட்டைச் சேர்ந்ததா? இதெல்லாம் இன்றும் நடக்கிறதா?"

இறந்தவரும் இல்லை, தெய்வமும் இல்லை. நீங்கள் பார்த்தது ஒரு காவலாளியை. அவர் காத்து நின்ற பெட்டியும், பெட்டிக்குள் இருந்தவர்களும் அந்தக் கண்ணாடிக் கூண்டுக்குள் வந்து சேரவில்லை. 'மூதாதையர் உருவம்' என்ற பலகை பாதிப் பொய் என்பது என் கருத்து. நானும் பல ஆண்டுகள் அந்தப் பலகையை நம்பிக்கொண்டிருந்தவன்தான்.

சிலையைச் சுற்றிப் பின்பக்கம் போயிருந்தால் ஒன்றைக் கவனித்திருப்பீர்கள். பிட்டத்துக்குக் கீழே ஒரு முளை நீண்டிருக்கும். சிலவற்றில் அது ஒடிந்திருக்கும், சிலவற்றில் செல்லரித்திருக்கும். முன்பக்கம் பார்த்தால் முழங்கால்கள் மடங்கியிருக்கின்றன. ஆனால் ஆள் உட்கார்ந்திருக்கிறானா, நிற்கிறானா என்று தெரியவில்லை. இதை நவீன ஓவியர்கள் வியந்து பேசினார்கள். உண்மையில் அவன் உட்கார்ந்துதான் இருக்கிறான். இருக்கையைத்தான் யாரோ உருவிவிட்டார்கள். அந்த முளை பெட்டியின் மூடியில் செருகி நிற்கும். பிட்டம் மூடியின் விளிம்பில் படியும். கால்கள் பெட்டியின் பக்கவாட்டில் தொங்கும். கழுத்து மட்டும் நீண்டு, உடம்பே இல்லாமல் தலையாக மட்டும் செதுக்கியவையும் உண்டு. அவற்றில் கழுத்துதான் முளை.

பெட்டி என்பது மரப்பட்டையை வளைத்துத் தைத்த உருளை. ஃபாங் மொழியில் நசெக் பியேரி என்பார்கள். பியேரி என்பது முன்னோர் வழிபாட்டின் பெயர். அந்த எலும்புகளையும் அதே சொல்லால் குறிப்பதுண்டு. சிலைக்கு எயெமா பியேரி என்று தனிப்பெயர். பெட்டிக்குள் மண்டையோடுகள் இருந்தன. குலத்தை நிறுவியவர், ஊர் பெயர்ந்தபோது முன்னே நடந்தவர், பேர்பெற்ற வீரர் ஆகியோரின் தலைகளோடு, நிறையப் பிள்ளை பெற்றுக் குலத்தைப் பெருக்கிய பெண்களின் தலைகளும் இருந்தன. புதைத்துச் சில காலம் கழித்துத் தலையை எடுத்துச் சுத்தம் செய்து, எண்ணெயும் சிவப்புப் பொடியும் தேய்த்துப் பெட்டியில் சேர்ப்பார்கள். அந்தப் பொடி படாக் என்ற மரத்தை அரைத்து எடுப்பது. நம் வேங்கைக்கும் செம்மரத்துக்கும் தாவரவியலில் ஒரே பேரினம். அறுத்தால் இரத்தம் போலச் சிவந்திருக்கும் அதே குணம். மண்டையோட்டில் உலோகத் துண்டுகளும் மணிகளும் பதித்து அழகுபடுத்துவதும் உண்டு.

எலும்பைப் புதைத்த இடத்திலேயே விட்டுவிடாமல் ஏன் பெட்டியில் வைத்தார்கள்? ஃபாங் மக்கள் ஓரிடத்தில் நிலைத்திருந்தவர்கள் இல்லை. இன்றைய தெற்கு கேமரூன், ஈக்குவடோரியல் கினி, வடக்கு காபோன் ஆகிய பகுதிகளின் காட்டில் மரம் வெட்டி, எரித்து, பயிர் செய்து, மண் சளைத்ததும் நகர்ந்துவிடுவார்கள். பங்காளிச் சண்டை வந்தால் ஊரே இரண்டாகப் பிரிந்து நடக்கும். 19-ஆம் நூற்றாண்டில் கடற்கரை வணிகமும் அவர்களை மேற்கே இழுத்தது. அரசன் கிடையாது, தலைநகர் கிடையாது, கல்லால் கட்டிய கோயிலும் கிடையாது. இப்படிப்பட்டவர்களுக்கு இடுகாடு ஓரிடத்தில் இருந்தால் முன்னோர்கள் பின்தங்கிப் போவார்கள். ஆகவே இடுகாட்டையே தூக்கிக்கொண்டு நடந்தார்கள். ஊர் பெயர்கிறபோது பெட்டியும் பெயரும். புது ஊரில் குலத்தின் மூத்தவர் வீட்டு இருண்ட மூலையில் அது உட்காரும். பெட்டி யாரிடம் இருக்கிறதோ அவர் சொல்லுக்குத்தான் எடை; எந்தத் தலையிலிருந்து யார் வந்தார் என்பதற்கு வேறு சாட்சி கிடையாது.

வேட்டைக்குப் போகும் முன், சண்டைக்குக் கிளம்பும் முன், ஊர் பெயரும் முன், நோயும் பிள்ளையின்மையும் தொடர்ந்து வருத்தும்போது பெட்டியைத் திறப்பார்கள். கோழியோ ஆடோ அறுப்பார்கள். சோறு படைப்பதுபோல் உணவு வைப்பார்கள். சிலைக்கும் எண்ணெய் பூசுவார்கள். நீங்கள் கண்ட கசிவு இப்படி வந்ததுதான். பனையெண்ணெயும் மரப்பிசினும் ஆண்டுக்கணக்கில் பூசப் பூச மரம் அதைக் குடித்துவைத்துக்கொள்கிறது. கண்ணாடிக் கூண்டுக்குள் நூறாண்டு கழிந்தும் வியர்ப்பதுபோல் வெளியே விடுகிறது. போலி செய்கிறவர்கள் எதை எதையோ பூசிப் பார்க்கிறார்கள். இந்தக் கசிவை மட்டும் நம்பும்படி வரவழைப்பது அவர்களுக்குப் பெரும்பாடு.

பெண்களும் தீட்சை பெறாத சிறுவர்களும் இந்தப் பெட்டியின் உள்ளே பார்க்கக் கூடாது. சிலை மூடியின்மேல் உட்கார்ந்திருப்பதன் முதல் வேலையே அதுதான்: "இதற்குமேல் வராதே" என்று சொல்வது. இரண்டாவது வேலை, வெளியிலிருந்து வரும் தீய சக்தி எலும்பைத் தொடாமல் பார்த்துக்கொள்வது. அகன்ற நெற்றி, இதய வடிவில் குழிந்த முகம், பித்தளை வட்டம் பதித்த கண், முன்னுக்குப் பிதுங்கிய வாய், வீங்கிய தோள். எல்லாம் இந்தக் காவல் தொழிலுக்கான முகவெட்டு.

அந்தப் பெட்டி முழுக்கத் திறக்கும் நாள் ஒன்று உண்டு. இளைஞர்களுக்குத் தீட்சை தரும் சடங்கு. 1904 முதல் 1909 வரை அந்தப் பகுதியில் சுற்றிய ஜெர்மானியர் குந்தர் டெஸ்மன் இதை எழுதிவைத்திருக்கிறார். அவருடைய பெரிய நூல் 1913-இல் வந்தது. அலான் என்ற செடியின் வேர்ப்பட்டையைத் தீட்சை பெறுகிறவர்கள் மெல்லுவார்கள். அது மயக்கம் தரும். அவர்கள் விழுந்து கிடக்கும் நேரத்தில் "செத்துவிட்டார்கள், முன்னோரைப் பார்க்கப் போயிருக்கிறார்கள்" என்று கொள்வது மரபு. பிறகு மண்டையோடுகளை வெளியே எடுத்து வரிசையாக வைத்து, ஒவ்வொன்றின் பெயரையும் சொல்லிக்கொடுப்பார்கள். இவர் இன்னார், இவர் பெற்றவர் இன்னார், அங்கிருந்து நாம் வந்தோம். எழுத்தில்லாத சமூகத்தின் குலவரலாற்றுப் பாடம் இது. பாடநூல் கையில் எடுத்துப் பார்க்கக்கூடிய தலை.

இதே சடங்கில்தான் எனக்கு மிகவும் பிடித்த ஒரு காட்சி வருகிறது. சிலைகளைப் பெட்டியிலிருந்து கழற்றி, ராபியா என்ற பனையின் நாரில் நெய்த துணியைத் திரையாகக் கட்டி, அதற்குமேல் பொம்மலாட்டம் போல ஆட்டுவார்கள். பின்னால் பாட்டும் தாளமும். கீழே இருப்பவர்களின் கண்ணுக்குக் கை தெரியாது, ஆடும் உருவம் மட்டும் தெரியும். அருங்காட்சியகத்தில் அசையாமல், அவ்வளவு கனமாக, மௌனமாக நிற்கும் அந்த உருவம் ஒரு காலத்தில் குதித்தாடியது என்பதை எந்தப் பலகையும் சொல்வதில்லை.

டெஸ்மனைப் பற்றிப் பேசும்போது அவருடைய ஊகம் ஒன்றையும் சொல்லியாக வேண்டும். முதலில் தலைகள் மட்டும் செதுக்கினார்கள், பிறகு அரை உடம்பு, கடைசியில் முழு உடம்பு என்று ஒரு படிவரிசையை அவர் சொன்னார். கேட்க ஒழுங்காக இருக்கிறது. அதனாலேயே நெடுங்காலம் நின்றது. பின்னால் வந்த ஆய்வாளர்கள் தலையும் முழு உருவமும் ஒரே காலத்தில் பக்கத்துப் பக்கத்து ஊர்களில் புழங்கியதைக் காட்டினார்கள். லூயி பெருவா என்ற பிரஞ்சு ஆய்வாளர் நூற்றுக்கணக்கான சிலைகளை அளந்து, வடக்கே நெடிய மெலிந்த உடம்பு, தெற்கே குட்டையான தடித்த உடம்பு என்று பிரித்தார். அந்தப் பிரிவு பெரும்பாலும் செல்லும். ஆனால் நகர்ந்துகொண்டே இருந்த மக்களின் பாணிகளுக்கு நிலப்படத்தில் கோடு போடுவது எவ்வளவு தூரம் சரி என்ற ஐயம் எனக்கு எப்போதும் உண்டு.

சிலையின் அழகைப் பற்றி ஃபாங் மக்களே என்ன சொன்னார்கள் என்று கேட்டவர் ஜேம்ஸ் பெர்னாண்டஸ் என்ற அமெரிக்க மானிடவியலாளர். 1950-களின் கடைசியில் காபோனில் தங்கி ஆய்வு செய்தவர். அவர்கள் நல்ல சிலைக்குச் சொன்ன இலக்கணம் சமநிலை: இடமும் வலமும் ஒன்றையொன்று தாங்கி நிற்க வேண்டும். அவர் கவனித்த இன்னொன்று அதைவிட ஆழமானது. தலை பெரிதாக, கால் குட்டையாக, தொப்புள் துருத்திக்கொண்டு இருக்கும் இந்த உடம்பின் அளவு குழந்தையினுடையது. அதன் தோளும் முகத்தின் இறுக்கமும் முதியவருடையவை. முன்னோரிடமிருந்து இப்போதுதான் வந்தது குழந்தை. அவர்களிடம் போகப்போகிறவர் முதியவர். இரண்டையும் ஒரே மரத்துண்டில் எதிரெதிராக நிறுத்தி, ஒன்று இன்னொன்றை விழுங்காமல் பார்த்துக்கொண்டால் அதில் உயிர் இருக்கிறது என்றார்கள். இதைப் படித்த பிறகு அந்தச் சிலைகளை என்னால் 'கொடூர முகம்' என்று பார்க்கவே முடியவில்லை.

இப்போது நீங்கள் கேட்ட பித்தளை முகம். அது கோட்டா மக்களுடையது. கிழக்கு காபோனும் அதை ஒட்டிய காங்கோ பகுதியும் அவர்கள் இடம். கோட்டா என்ற ஒரே பெயருக்குள் ஒபாம்பா, எந்துமு, மஹோங்வே, ஷமாயே என்று பல குழுக்கள் உண்டு. உருவத்துக்குப் பெயர் எம்புலு எங்குலு. வேலை ஃபாங் சிலையின் வேலைதான்: எலும்பைக் காப்பது. இங்கே பெட்டிக்குப் பதில் கூடை அல்லது மூட்டை. ஆளின் உடம்பும் இல்லை. தட்டையான முகம், கொண்டைபோல் வளைந்த மேற்பகுதி, கீழே சாய்சதுரம். அந்தச் சாய்சதுரத்தைப் பார்த்த ஐரோப்பியர்கள் மடித்த கால் என்றார்கள், வளைத்த கை என்றார்கள், நடனம் என்றார்கள். அது கூடைக்குள் நார்க்கயிற்றால் கட்டி நிறுத்துவதற்கான பிடி. கூடையின் ஈரத்தில் புதைந்து நின்றதால் பலவற்றில் அதன் அடிப்பகுதி இற்றுப்போயிருக்கிறது.

மரத்தின்மேல் செம்பும் பித்தளையும் தகடாகவும் பட்டையாகவும் அடித்து ஏற்றியிருக்கிறார்கள். மஹோங்வே உருவங்களில் இதழ்போன்ற முகம் முழுவதும் மெல்லிய உலோகப் பட்டைகளை வரிசை வரிசையாக ஒட்டவைத்திருப்பார்கள். அந்தப் பொறுமையை நேரில் பார்த்தால்தான் தெரியும். பித்தளையில் பெரும்பகுதி அட்லாண்டிக் வணிகத்தில் வந்தது. 'நெப்டியூன்' என்று பெயர்பெற்ற அகன்ற பித்தளைத் தட்டுகளும் கம்பிச் சுருள்களும் கடற்கரையிலிருந்து கைமாறிக் கைமாறிக் காட்டுக்குள் போயின. அங்கே அவை பணம். பெண் கேட்கப் போகிறவர் கையில் இருக்க வேண்டிய பொருள். அந்தப் பணத்தை வெட்டி, நசுக்கி, முன்னோரின் காவலாளிக்கு முகமாக அடித்தார்கள். 'வெளியுலகம் தொடாத தூய ஆப்பிரிக்கக் கலை' என்று யாராவது பேசினால் இந்தத் தகட்டைக் காட்டுங்கள். சடங்குக்கு முன் மணலால் தேய்த்துப் பளபளப்பாக்குவார்கள். இருண்ட குடிசையில் தீயின் ஒளி பட்டால் அந்த முகம் மட்டும் எரியும்.

மற்றவற்றை வேகமாகச் சொல்கிறேன். எம்பேட்டே மக்கள் தனிப் பெட்டி வைக்கவில்லை; சிலையின் முதுகையே குடைந்து எலும்பை உள்ளே வைத்துக் கதவு போட்டார்கள். காங்கோ ஆற்றுக்கு வடக்கே புவெண்டே மக்கள் இன்னும் ஒருபடி மேலே போய், இறந்த தலைவரின் உடலைத் துணிமேல் துணியாகச் சுற்றி, நியோம்போ எனும் ஆளுயரத்துக்கும் பெரிய சிவப்புத் துணி உருவமாக்கி, ஊரே ஆடிப்பாடி அதைப் புதைத்தது. பேழையின் தத்துவத்துக்கு நேர்மாறு இது; இங்கே உருவம் எலும்போடு மண்ணுக்குள் போகிறது.

சரி, பெட்டிகள் எங்கே போயின?

முதல் காரணம் பயம் கலந்த தவறான புரிதல். 1850-களில் காபோனுக்குள் போன பயணிகள் குடிசையில் மண்டையோட்டைப் பார்த்ததும் "நரமாமிசம் தின்கிறவர்கள்" என்று எழுதினார்கள். ஃபாங் பெயருடன் அந்த முத்திரை ஒட்டிக்கொண்டது. தாத்தாவின் தலையைப் பக்தியோடு எண்ணெய் தேய்த்து வைத்திருந்தவனைப் பார்த்து, தாத்தாவைத் தின்றவன் என்றார்கள். புனிதர்களின் எலும்பைப் பொற்பேழையில் வைத்து முழந்தாளிடும் தேவாலயங்களிலிருந்து வந்தவர்கள் அவர்கள். இந்த முரண் அவர்களில் ஒருவருக்கும் உறைக்காமல் போனதுதான் எனக்கு இன்றும் வியப்பு.

இரண்டாவது, மிஷனரியும் நிர்வாகமும். மதம் மாறியவர் பெட்டியை ஒப்படைக்க வேண்டும் என்பது எதிர்பார்ப்பு. சிலவற்றை எரித்தார்கள். சிலவற்றை மூத்தவர்கள் காட்டில் ஒளித்தார்கள்; ஒளித்தவர் செத்ததும் இடம் மறந்தது. கட்டாய வேலை, மரம் வெட்டும் முகாம்களுக்கு இளைஞர்கள் போனது, நோய், 1920-களின் பஞ்சம் எல்லாம் சேர்ந்து, பெட்டிக்கு வாரிசு சொல்ல ஆளில்லாமல் செய்தன.

மூன்றாவது காரணம் ஐரோப்பாவின் ஆசை. பிராசாவின் தலைமையில் 1883 முதல் 1885 வரை போன பிரஞ்சுக் குழு கோட்டா உருவங்களைப் பாரிஸின் டுரோகாடெரோ அருங்காட்சியகத்துக்குக் கொண்டுவந்தது. இருபது ஆண்டில் ஓவியர்கள் அவற்றைத் தேடத் தொடங்கினார்கள். வணிகர்கள் வாங்கத் தொடங்கினார்கள். வாங்குகிறவருக்குச் சிலை வேண்டும். எலும்பு வேண்டாம், பட்டைப்பெட்டி வேண்டாம், தலையில் செருகிய இறகும் வேண்டாம். விற்கிற ஃபாங் குடும்பத்துக்கும் பெரும்பாலும் இது ஒத்துவந்தது என்பதைச் சொல்லாமல் விடக் கூடாது. அவர்களுக்குப் புனிதம் எலும்பில் இருந்தது. காவலாளி போனால் இன்னொருவனைச் செதுக்கிக்கொள்ளலாம். தாத்தாவின் தலையை அப்படிச் செதுக்க முடியாது. ஆகவே ஆள் கொடுத்து ஆளைக் காத்தார்கள். உலகத்து அருங்காட்சியகங்களில் காவலாளிகள் நிறைந்து, பெட்டிகள் விரல்விட்டு எண்ணும் அளவில் இருப்பதற்கு இதுவும் காரணம்.

பாரிஸில் இறங்கிய சிலைகளுக்குப் புது இருக்கை செய்தவர் ஒருவர் உண்டு: கிச்சிசோ இனாகாகி என்ற ஜப்பானியத் தச்சர். பெயர்பெற்ற வணிகர்கள் பலர் அவரிடம்தான் பீடம் செய்துவாங்கினார்கள். மெருகேற்றிய சின்ன மரப்பீடம்; அடியில் அவர் முத்திரை. இன்று அந்த முத்திரை இருந்தால் விலை கூடுகிறது. மண்டையோட்டுப் பெட்டியின் இடத்தில் இனாகாகியின் பீடம் வந்ததும் சிலை 'சிற்பம்' ஆகிவிட்டது. நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் 'பெரிய பியேரி' என்று அழைக்கப்படும் தலை இருக்கிறது. சிற்பி ஜேக்கப் எப்ஸ்டைனிடம் இருந்தது. பெயரைப் பாருங்கள்: பியேரி என்பது எலும்பின் பெயர். எலும்பு போய், பெயர் மட்டும் காவலாளிக்கு ஒட்டிக்கொண்டது. இந்தக் குறையை அதே அருங்காட்சியகம் 2007-இல் ஓரளவு சரிசெய்தது. அதன் காப்பாளர் அலிசா லகாமா அமைத்த கண்காட்சியில் இந்த உருவங்களைப் பேழைகளாக, எலும்போடு சேர்த்துப் பேசினார்கள். ஐரோப்பியப் புனிதர் பேழைகளையும் பக்கத்தில் வைத்தார்கள்.

விலையைப் பற்றியும் ஒரு வார்த்தை. அழகுசாதனத் தொழிலதிபர் ஹெலனா ரூபின்ஸ்டைனிடமும் பின்னர் கலை வரலாற்றாளர் வில்லியம் ரூபினிடமும் இருந்த ஒரு கோட்டா உருவம் 2015-இல் பாரிஸ் ஏலத்தில் 50 லட்சம் யூரோவைத் தாண்டியது. 2022-இல் பிரான்ஸின் மோன்பெலியே நகர ஏலத்தில் ஃபாங் முகமூடி ஒன்று 42 லட்சம் யூரோவுக்குப் போனது. அது பேழையைச் சேர்ந்ததல்ல, நீதி வழங்கும் எங்கில் சங்கத்தின் முகமூடி. அதைப் பரணிலிருந்து எடுத்த ஒரு முதிய தம்பதியர் பழைய பொருள் வியாபாரிக்கு 150 யூரோவுக்கு விற்றிருந்தார்கள். வழக்கு போட்டு 2023-இல் தோற்றார்கள். முகமூடி எங்களுடையது என்று காபோன் அரசும் நீதிமன்றம் வந்தது. அந்த ஏல அரங்கில் காபோனைப் பூர்வீகமாகக் கொண்ட சிலர் எழுந்து நின்று எதிர்ப்புத் தெரிவித்தார்கள். என்னைக் கேட்டால், தம்பதியருக்கும் வியாபாரிக்கும் இடையிலான 150 யூரோ வழக்கைவிட அவர்கள் எழுப்பிய கேள்விதான் பெரியது.

இன்றும் நடக்கிறதா என்று கேட்டீர்கள். பெட்டியும் எயெமாவுமாகச் செய்த பியேரி ஏறத்தாழ முடிந்துவிட்டது. முன்னோரோடு பேசும் வழக்கம் முடியவில்லை. முதல் உலகப் போருக்குப் பின் ஃபாங் இளைஞர்கள் தெற்கே இருந்த சோகோ மக்களிடமிருந்து புவிட்டி என்ற வழிபாட்டை எடுத்துக்கொண்டு, அதில் பியேரியின் நினைவுகளையும் பைபிள் கதைகளையும் கலந்தார்கள். அலான் இருந்த இடத்தில் இபோகா என்ற இன்னொரு செடியின் வேர்ப்பட்டை வந்தது. தீட்சை பெறுகிறவர் அதைத் தின்று படுத்து, இறந்துபோன உறவினர்களைச் சந்தித்து வருகிறார். மிஷனரிகள் இதையும் துரத்தினார்கள். ஆனால் இங்கே பறிமுதல் செய்ய மண்டையோடு கிடையாது. காபோனின் முதல் அதிபரான லெயோன் எம்பாவே தம் இளமைக் காலத்தில் புவிட்டிக்காரர்களுக்கு நெருக்கமானவர்.

இன்றும் காபோனில் புவிட்டிக் கோயில்களில் இரவு முழுக்க எங்கோம்பி என்ற எட்டு நரம்பு யாழ் ஒலிக்கிறது. அதன் தண்டின் நுனியில் ஒரு பெண்ணின் தலையைச் செதுக்கியிருப்பார்கள். கடவுளின் சகோதரியான நிங்வான் மெபெகே என்பார்கள் அவளை. யாழின் குடம் அவள் வயிறு, நரம்பின் ஒலி அவள் குரல். விடியும்வரை வாசிப்பவர் அதை மடியில் வைத்திருக்கிறார்.